எக்குங்க அங்கிள்

கல்லறைத் திருநாளன்று தந்தையின் கல்லறைமுன் மெழுகுவர்த்தி ஏற்ற முழந்தாளிட்ட பவுல்சாமி, செபம் முடிந்த பிறகும் எழவில்லை. சுற்றி நின்றவர்கள் முதலில் அதைப் பக்தி என்று எண்ணினார்கள். பக்கத்துக் கல்லறைக்குப் பூப்போட வந்த ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா என்று கண்கலங்கவும் செய்தார். மெழுகுவர்த்தி பாதிக்குமேல் உருகிய பின்னர்தான் பவுல்சாமியின் மனைவி ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"இன்னாங்க, உங்க அப்பாகிட்ட இவ்ளோ நேரமா இன்னா பேசிக்கினு கீறீங்க?"

"பேசியெல்லாம் முடிச்சிட்டேன்டி. எழுந்துக்க முடியல."

இறந்தோரின் உயிர்ப்புக்காக மன்றாடும் அந்த நாளில், உயிரோடிருந்தும் எழ இயலாத ஒரே மனிதராகப் பவுல்சாமி கிப்பிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் மண்டியிட்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியவன் ஷெல்டன். அவர்கள் பகுதியிலேயே வசிப்பவன், பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். காலையும் மாலையும் ஜிம்முக்குப் போய் உடம்பைச் செதுக்கி வைத்திருப்பவன். தண்ணீர் கேனைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"அங்கிள், இந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸுக்கு நான் தாத்தா போடுறேனே. நீங்க ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் என்ற அந்தச் சொல், முட்டியைவிட ஆழமான ஓரிடத்தில் பவுல்சாமியைக் குத்தியது.

சாந்தோமின் அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து அமைத்த அன்பியம், டிசம்பர் தோறும் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவது வழக்கம். பாடகர்களுக்கு முன்னால் சிவப்பு அங்கியும் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் முகமூடியுமாக டிரம்ஸுக்கு ஆடிக்கொண்டு போகிறவர் கிறிஸ்துமஸ் தாத்தா. பவுல்சாமி ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் வேலை பார்த்த காலந்தொட்டே அந்த அங்கி அவருடையது. காரணம் அவருடைய நடனம் அன்று, வயிறு. மற்ற இடங்களில் தாத்தாக்கள் அங்கிக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் தலையணை முதுகுப் பக்கம் போய்விடும். பவுல்சாமியின் வயிறோ சொந்த வயிறு, இடம் மாறாத வயிறு. டிரம்ஸ் நின்ற பிறகும் சற்று நேரம் தன்போக்கில் குலுங்கி அடங்கும் இயல்புடையது. குழந்தைகள் அதை விரலால் குத்திப் பார்ப்பதற்காகவே வாசலில் காத்திருப்பார்கள். இஸ்திரி மேசைபோன்ற வயிற்றை வைத்துக்கொண்டு ஷெல்டன் தாத்தாவாவது என்றால், அந்த அன்பியத்தின் வரலாற்றில் முதன்முறையாகத் தலையணை நுழைகிறது என்று பொருள்.

விவகாரம் நோரா டீச்சரிடம் போனது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையான அவர்தான் அன்பியத்தின் தலைவி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசித்தார். ஊர்வலத்தின் கடைசி வீடு எப்போதும் அவருடையது, கட்லெட்டும் அங்கேதான்.

"பவுல், உன்னைத் தூக்கிட்டு மாடி ஏற ஆள் கிடையாது," என்றார் டீச்சர். "என் வீட்டு வாசலுக்கு நீயே ஏறி வந்து ஆடினேன்னா, உனக்கே போதும்னு தோணுற வரைக்கும் நீதான் தாத்தா. முடியலன்னா அங்கியைத் துவைச்சு ஷெல்டன்கிட்ட குடுத்துடு."

துவைச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னதுதான் பவுல்சாமியால் தாங்கிக்கொள்ள முடியாததாக இருந்தது.

மந்தைவெளியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்த டெல்பின், பக்கத்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்த நண்பர் ஏசுராஜின் மகள். அவள் சட்டை போட்டுக்கொள்ளாமல் தெருவில் ஓடிய காலத்திலிருந்து பவுல்சாமி அவளை அறிவார். தேடி வந்தவரின் எக்ஸ்ரேயை அவள் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"முட்டிச் சில்லுக்குப் பின்னாடி தேஞ்சிருக்கு அங்கிள். சில்லு ஒரு தடத்துல மேலயும் கீழயும் ஓடணும். நடுவுடம்புல பலமில்லன்னா நீங்க படி ஏறும்போது இடுப்பு தள்ளாடும், தொடை உள்பக்கமாத் திரும்பும், சில்லு தடம் மாறி ஓரத்துல உரசும்."

"தடம் புரளுதுன்னு சொல்லு," என்றார் பவுல்சாமி. ரயில்வேக்காரருக்கு அது உடனே விளங்கியது.

"அதேதான். அதனால முட்டியை மட்டும் பார்த்தா பத்தாது. கோர்னு சொல்லுவோம், இந்த இடம். இதைப் பலப்படுத்தணும். இங்க பாருங்க அங்கிள்," என்று டெல்பின் எழுந்து நின்று, வெள்ளைக் கோட்டை விலக்கித் தன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

இங்கேதான் பவுல்சாமியின் நல்வளர்ப்பு குறுக்கே வந்தது. நண்பரின் மகள், வயதுப் பெண், வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். அதை ஒரு கண்ணியவான் உற்றுப் பார்க்கலாமா? பவுல்சாமி சட்டென்று பார்வையைத் திருப்பிச் சுவரிலிருந்த நாட்காட்டியில் பதித்துக்கொண்டார். வழிகாட்டுதல் முழுவதையும் செவியால் மட்டுமே பெற்றார்.

"மூச்சை விட்டுக்கிட்டே எக்குங்க. உக்காரும்போது எக்கணும், எழுந்திருக்கும்போது எக்கணும். படியில மொதல்ல எக்கிட்டு அப்புறம்தான் கால் வைக்கணும். படுத்துக்கிட்டும் எக்கலாம். பஸ்ஸுல, சர்ச்சுல, எங்க வேணா எக்கலாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா?" என்று நாட்காட்டியிடம் கேட்டார் பவுல்சாமி.

"தெரியவே தெரியாது அங்கிள்."

தமிழில் எக்குதல் என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வயிற்றை உள்ளிழுப்பதும் எக்குதல். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் குதிகாலைத் தூக்கி உயர்வதும் எக்குதல். எந்த எக்குதல் என்பதை டெல்பினின் உள்ளங்கை தெளிவாகவே சொல்லிக்கொண்டிருந்தது. பவுல்சாமியின் கண்களோ நவம்பர் மாதத்தின் விடுமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அவர் எக்கத் தொடங்கினார். நாற்காலியிலிருந்து எழும்போது நுனிக்காலில் எழுந்தார். வாசற்படியை நெருங்கியதும் நின்று, குதிகாலைத் தூக்கி, கொக்கைப்போல் ஒரு கணம் நிலைகொண்டு, பிறகு படியேறினார். படுக்கையில் கால்விரல்களை நீட்டிக் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை உதைத்து எக்கினார்; பலகை கிறீச்சிட்டது. சமையலறைக்குள் கணவர் நுனிக்காலில் நுழைவதைக் கண்ட ஜெசிந்தா திரும்பாமலே சொன்னாள்:

"பரண் மேல கீற அதிரச டப்பாவுக்கு அந்த ஒசரம் பத்தாது. ஸ்டூல் போட்டுக்கோங்க."

"இது வைத்தியம்டி."

"இன்னா வைத்தியமோ. பாக்குறவங்க திருடன்னு நெனைப்பாங்க."

நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்கும் காவேரி, அவர் எக்கி எக்கி வருவதைத் தொலைவிலேயே பார்த்துவிட்டு, கையிலிருந்த வஞ்சிரத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா நைனா, தரை சுடுதா? மீனு இங்க பலகைல கீது, நீ இன்னாத்துக்கு வானத்துல தேடுறே?"

"பயிற்சி காவேரி. யாருக்கும் தெரியாதாம்."

"யாருக்கும் தெரியலப்பா," என்றாள் காவேரி, பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாரையும் கைகாட்டி அழைத்தபடியே. "வாங்கடி, வாங்க, நைனா யாருக்கும் தெரியாம போய்க்கினு கீறாரு."

கோவிலிலும் அதே கதைதான். நற்செய்திக்கு மக்கள் எழுந்து நின்றபோது, பின்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை மற்ற தலைகளுக்கு மேலே மெல்ல உதயமாவதைக் கண்ட பங்குத்தந்தை வாசிப்பை நிறுத்தி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா என்று அன்புடன் விசாரித்தார். இது ஏதோ புது நடனத்துக்கான ஒத்திகை என்று ஷெல்டன் ஐயமுற்று, அன்றிரவே கைப்பேசியில் அந்நிய நாட்டு நடனக் காணொளிகளைத் தேடிப் பார்த்ததாகப் பின்னாளில் தெரிய வந்தது.

முட்டியோ நாளுக்கு நாள் மோசமாயிற்று. கெண்டைக்கால்களும் உருண்டு திரண்டு தங்கள் பங்குக்கு வலித்தன. தாம் போதிய அளவு எக்கவில்லை என்று பவுல்சாமி முடிவுசெய்து, கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு எக்க ஆரம்பித்தார்.

மறுபடி டெல்பினிடம் போனபோது, டிசம்பர் பிறக்கும் தறுவாயில் இருந்தது.

"வலி குறையலையா? ஒழுங்காச் செய்றீங்களா அங்கிள்?"

"சாப்பிடுறதை மறந்தாலும் எக்குறதை மறக்கல."

"எங்க, ஒருதரம் எக்குங்க பார்ப்போம்."

பவுல்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். குதிகால்கள் உயர்ந்தன. கைகள் உயர்ந்தன. விரல்நுனிகள் மின்விசிறியை நோக்கிச் சென்றன. முகத்தில் கடமை தவறாதவரின் அமைதி நிலவியது.

டெல்பின் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்கிள், என்ன பண்றீங்க?"

"எக்குறேன்."

"எதை எக்குறீங்க?"

"என்னைத்தான்."

டெல்பின் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. திரும்பியபோது கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வயித்தை அங்கிள்! வயித்தை உள்ள எக்கணும்! நான் தொட்டுக் காட்டினேனே?"

"நான் பாக்கலம்மா. பார்த்தா நல்லா இருக்குமா?"

உண்மையான பேரிடி அதற்குப் பிறகே அவர்மேல் இறங்கியது. எக்க வேண்டியது வயிற்றை. உள்ளிழுத்துச் சிறிதாக்க வேண்டியது அந்த வயிற்றைத்தான். முட்டி வேண்டுமானால் வயிறு போய்விடும். வயிறு வேண்டுமானால் மாடி ஏற முடியாது. வயிறில்லாத பவுல்சாமிக்கும் தலையணை வைத்த ஷெல்டனுக்கும் என்ன வேறுபாடு? ஷெல்டனாவது இளையவன்.

"எனக்கு முட்டி மட்டும் சரியானா போதும். வயித்துக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எழுதிக் குடு."

இந்த வேண்டுகோளுடன் இதுவரை எவரும் அந்த நிலையத்துக்கு வந்ததில்லை. டெல்பின் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினாள்.

"உள்ள ஒரு பெல்ட்டு இருக்கு. வெளிய ஒரு மூட்டை இருக்கு. நாம பலமாக்குறது பெல்ட்டை. மூட்டை அதுபாட்டுக்கு அங்கயே இருக்கும். அது போகணும்னா நீங்க பிரியாணியை விடணும்."

"விட மாட்டேன்."

"அப்போ பயப்படாதீங்க."

இம்முறை பவுல்சாமி நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அவளும் தன் வயிற்றுக்குப் பதிலாகச் சுவரில் மாட்டியிருந்த உடற்கூற்றுப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். கண்ணியத்துக்கும் பங்கமில்லை, பாடமும் விளங்கியது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று. கைகாலை மேலே தூக்கி, வயிறு தளராமல் ஒவ்வொன்றாக இறக்குவது இன்னொன்று. செத்த பூச்சியைப்போல் கிடப்பதால் அதற்கு அந்தப் பெயரே உண்டு. அவர் கூடத்தில் முதல் முறை அப்படிக் கிடந்தபோது ஜெசிந்தா துடைப்பத்தோடு வந்து நின்றாள். பூச்சியைப் பெருக்க வரவில்லை, வெறும் பழக்கம்தான் என்று சாதித்துவிட்டாள்.

உண்மை என்னவென்றால், பலன் கிடைத்தது. வலி மாயமாகிவிடவில்லை, ஆனால் வயிற்றை எக்கிக்கொண்டு கால் வைத்தால் சில்லு தடத்திலேயே ஓடியது, எக்காமல் வைத்தால் உடனே பல்லைக் காட்டியது. தம் வீட்டு மாடிப்படியை அவர் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். ஏறி முடித்ததும் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பெண்ணுக்குக் காரணமின்றி நன்றி சொன்னார்.

அடுத்த சங்கடம் அங்கி போட்டுப் பார்த்த அன்று முளைத்தது. டிரம்ஸ் வாசிக்கும் ஆண்டனி வந்திருந்தான். அவன் தட்ட, பவுல்சாமி எக்கிய வயிற்றோடு ஆடினார். ஜெசிந்தா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கை ஆடுது, தோள் ஆடுது, தாடிகூட ஆடுது. வயிறு ஏன் ஆடல?"

"எக்கி வச்சிருக்கேன்டி."

"பிஷப்பு வர்ற மாதிரி கீது. கொஞ்சம் தொறந்து விடுங்க."

தளர்த்தினார், வயிறு குலுங்கியது, அடுத்த அடியிலேயே முட்டி கடித்தது. கைப்பேசியில் டெல்பினைக் கேட்டபோது, காலை எடுத்து வைக்கும் நேரம் மட்டும் எக்குங்கள், மற்ற நேரம் விட்டுவிடுங்கள் என்றாள். சொல்வது எளிது. பவுல்சாமியின் வயிறு ஒரே விசையில் எரியும் தெருவிளக்குகளைப் போன்றது. எரிந்தால் எல்லாம் எரியும், அணைந்தால் எல்லாம் அணையும். எக்கு, விடு, எக்கு, விடு என்று பயின்று பார்த்தார். வயிறு ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகவே உத்தரவைப் பெற்றது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர்வலம் புறப்பட்டது. தரைத்தள வீடுகளில் பவுல்சாமி நாற்காலி கேட்டு அமர்ந்து, கையாட்டத்தால் சமாளித்தார். அவருக்குப் பின்னால் ஷெல்டன் முதுகுப்பையுடன் நடந்தான். பையின் வாயிலிருந்து பூப்போட்ட தலையணை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது.

நோரா டீச்சரின் கட்டடம் வந்தது. பவுல்சாமி முதல் படியின்முன் நின்று மூச்சை விட்டார், எக்கினார், கால் வைத்தார். அப்படியே அடுத்த படி, அதற்கடுத்த படி. முகமூடிக்குள் வியர்வை ஆறாய் ஓடியது. கூட்டம் பின்னால் அவருடைய வேகத்திலேயே ஏற வேண்டியிருந்ததால், துள்ளலான ஒரு பாட்டு அன்று மரண ஊர்வலத்துக்குரிய தாளத்தில் பாடப்பட்டது. ஆனால் ஏறிவிட்டார். கைப்பிடியைத் தொடாமல் மூன்றாம் மாடி வாசலில் நின்றார்.

வாசலில் டீச்சர் கைகட்டி நின்றிருந்தார். சுற்றிலும் அந்தக் கட்டடத்துக் குழந்தைகள்.

"ஏறிட்ட. சரி. ஆடு," என்றார்.

ஆண்டனி தட்டினான். பவுல்சாமி எக்கியபடியே ஆடினார். குழந்தைகள் காத்திருந்தார்கள். எதுவும் குலுங்கவில்லை. பல் விழுந்த சிறுமி ஒருத்தி முன்னால் வந்து வயிற்றில் விரலால் குத்திவிட்டு, "ஆ!" என்று விரலை உதறிக்கொண்டாள்.

"மிஸ், இது தாத்தா இல்ல. கல்லு!"

"வயிறு தூங்குது," என்றான் இன்னொருவன். டீச்சரின் புருவம் கண்ணாடிக்கு மேலே உயர்ந்தது. முதுகுப்பையின் ஜிப் திறக்கும் ஓசை பவுல்சாமியின் காதில் மிகத் தெளிவாக விழுந்தது.

அந்தப் பதற்றத்தில் அவர் மூச்சை அடக்கிவிட்டார். அடக்கிய மூச்சு எத்தனை நேரம்தான் நிற்கும்? இரு கால்களையும் ஊன்றி நின்றவர், தம்மையறியாமல் அனைத்தையும் தளரவிட்டார். உள்ளே சிறைப்பட்டிருந்த வயிறு சிவப்பு அங்கிக்குள் பொத்தென்று இறங்கி, மேலும் கீழும், இடமும் வலமும் குலுங்கியது.

"ஆடுது!" என்று கூவினார்கள் குழந்தைகள்.

தாளத்துக்காக அவர் காலைத் தூக்கி வைத்தார். காலைக் கண்டு வயிறு தானாகவே எக்கிக்கொண்டது. குலுக்கம் நடுவழியில் அப்படியே உறைந்தது.

"நின்னுடுச்சு!"

குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பல்லில்லாச் சிறுமி ஒரு விரலை நீட்டி, ஆணையிடும் குரலில் சொன்னாள்: "ஆடு."

பவுல்சாமி தளர்த்தினார். ஆடியது.

"நில்லு."

எக்கினார். நின்றது.

அதன்பின் நடந்ததை ஒழுங்காக விவரிப்பது கடினம். ஆடு, நில், ஆடு, நில் என்று மாடி முழுவதும் அலறியது. ஆண்டனி பாட்டைக் கைவிட்டு வயிற்றைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினான். ஆடும்போது ஊன்றிய கால், நிற்கும்போது எடுத்துவைத்த கால். முட்டி ஒரு முறையும் முணுமுணுக்கவில்லை. நோரா டீச்சர் கையைத் தட்டினார். எல்லாரும் அடங்கினார்கள்.

"என்ன கூச்சல் இது? ரெண்டு வரிசையா நில்லுங்க. ஒருத்தருக்கு ஒரு ஆடு, ஒரு நில்லு. தள்ளக் கூடாது."

வரிசையின் கடைசியில் ஷெல்டனும் நின்றான். அவன் முறை வந்தபோது சொல்லிப் பார்த்துவிட்டு, தன் வயிற்றைக் குனிந்து பார்த்து ஒருதரம் சொன்னான். அது அசையவில்லை.

"உனக்கு அதுக்கெல்லாம் மொதல்ல வயிறு வேணும் ராஜா," என்று அவன் கையில் கட்லெட்டைக் கொடுத்தாள் ஜெசிந்தா. "இந்தா, இன்னிக்கே ஆரம்பி."

இறங்குவதுதான் பாக்கி. தேய்ந்த சில்லுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கொடிது என்று டெல்பின் எச்சரித்திருந்தாள். பவுல்சாமி எக்கினார், முதல் படியில் கால் வைத்தார். பின்னாலிருந்து ஒரு பொடிக்குரல், "ஆடு!" என்றது.

வயிறு உடனே கீழ்ப்படிந்தது. பவுல்சாமி தடுமாறி ஷெல்டனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, படியில சொல்லாதீங்க! அது நான் சொன்னா கேக்குறதைவிட உங்க பேச்சைத்தான் சீக்கிரம் கேக்குது!"

"படியில எவனாவது வாயைத் தொறந்தீங்க, அவ்ளோதான்!" என்று ஜெசிந்தா உறுமினாள். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். அத்தனை குழந்தைகளும் விரலை வைத்தார்கள். பாடகர்கள் பாட்டுத் தாள்களை மடித்துக்கொண்டார்கள். ஆண்டனி குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியை ஊருக்கு அறிவிக்கக் கிளம்பிய கூட்டம், மூச்சுவிடும் தாத்தா ஒருவரின் பின்னால், உதட்டில் விரலோடு, ஓசையில்லாமல் மாடியிறங்கியது. முதல் மாடியில் கதவைத் திறந்து பார்த்த ஒருவர் என்ன துக்கமோ என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

தெரு வந்தது. பவுல்சாமி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார்.

மேலே, மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் டீச்சரின் கண்ணாடி பளபளத்தது.

"பவுல்! எல்லாப் படியும் இறங்கியாச்சா?"

"ஆச்சு டீச்சர்."

"ரெண்டு காலும் தரையில இருக்கா?"

பவுல்சாமி குனிந்து பார்த்தார். வயிறு மறைத்தது. ஜெசிந்தா எட்டிப் பார்த்து, இருக்கு என்று தலையசைத்தாள்.

"இருக்கு டீச்சர்."

நோரா டீச்சர் இருபுறமும் திரும்பி அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு சுவரில் இரு கைகளையும் ஊன்றி, கடைசி வரிசைப் பெஞ்சுக்கும் கேட்கும் தம் பழைய வகுப்பறைக் குரலில் கத்தினார்:

"ஆடு!"